கலங்கல் என்று எழுதியிருந்தது

மண்ணால் கட்டிய அணை கசியும். அறுபது வயது வரையில் இது எனக்குத் தெரியாது. அணை என்றும் சிறை என்றும் குளக்கரை என்றும் எத்தனையோ ஏடுகளில் படித்திருந்தேன். வகுப்பறையில் நின்று விளக்கியும் இருந்தேன். ஆயினும் நீரைத் தடுத்து நிற்கும் கரை, தன்னுள்ளே நீரை ஓயாமல் கடத்திக்கொண்டும் இருக்கிறது என்பதைப் பணி ஓய்வுக்குப் பின்னரே கண்ணால் கண்டேன். கசிவது குற்றமன்று. கசிந்து வரும் நீர் தெளிவாக இருக்குமானால் கரை நலமாக இருக்கிறது. மண்நிறம் கொண்டு வருமானால், கரை தன் உடலையே கரைத்துச் சிறிது சிறிதாக வெளியே அனுப்புகிறது என்று பொருள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் அடங்கிவிடும்.

நான் சொல்லும் அணை நெடுமங்காட்டுக்குக் கிழக்கே, ரப்பர் மரங்கள் நிறைந்த இரண்டு குன்றுகளின் இடுக்கில் இருக்கிறது. பெரிய அணைகளை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே போகிறவர்கள் அதன்மேலேயே நின்றுகொண்டு அணை எங்கே என்று கேட்பார்கள். புல் மூடிய ஒரு நீண்ட மேடு. அதன் ஒருபுறம் நீர், மறுபுறம் சரிவு. அவ்வூரார் அதனைச் ‘சிற’ என்பர். பழந்தமிழில் நீரைத் தடுக்கும் கரைக்குச் சிறை என்றுதான் பெயர். மலையாளத்தார் ஈற்று ஐகாரத்தை அகரமாக்கினாலும் பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்; நாமோ எழுத்தைக் காப்பாற்றிவிட்டு, சொல்லைக் குற்றவாளிகளை அடைக்கும் இடத்துக்குக் கொடுத்துவிட்டோம். இதைப் பாசனக் குழுவின் முதற் கூட்டத்தில் நான் எடுத்துச் சொன்னபோது எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு தலைவர், வாய்க்காலைத் தூர்வாருவது எப்போது என்று கேட்டார்.

நான் குடியிருப்பது மலையாள நாட்டின் தலைநகரத்துக்குள், ஆரியசாலையில். மனைவிவழி வந்த ஒரு துண்டு வயலும் அதையொட்டிய வாழைத் தோட்டமும் அந்தச் சிறையின் பாசனத்தில் இருப்பதால் குழுவில் எனக்கும் ஓரிடம் கிடைத்தது. செயலர் பொறுப்புக்கு என்னை முன்மொழிந்த தலைவர் சொன்ன காரணம் ஒன்றே: “சாரினு எழுத்து நல்லபோல அறியாம்.” எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் சொன்னதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

கரையைக் காப்பவர் ஓர் அம்மையார். என்னைவிடப் பத்து வயது இளையவர். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து, கட்டட வேலைக்கு வந்த கணவரோடு இங்கு வந்து குடியேறியவர். கரைக்குக் கீழே பதினோரு வீடுகள் இருக்கின்றன. கரையடிக்கு மிக அண்மையில் இருப்பது அவருடைய வீடு. கரைமேல் முளைக்கும் கன்றுகளை வேர்விடுமுன் பிடுங்குவது, பெருச்சாளி வளை கண்டால் அருகில் குச்சி நட்டு அடையாளமிடுவது, மிகைநீர் வழியும் கல்தளத்தில் அடையும் பாசியை வாரி எறிவது, மதகின் திருகுக்கு எண்ணெயிடுவது ஆகியவை அவர் வேலைகள். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வேலை உண்டு. கரையடியில் கசிவுநீர் வந்து சேரும் சிறு வாய்க்காலிலிருந்து நாள்தோறும் காலையில் ஒரு குப்பி நீர் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். நீர்ப்பாசனப் பொறியாளர் இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: “கலங்ஙல் உண்டோ என்னு நோக்கணம்.”

அம்மையாருக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். பொறியாளருக்குப் படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். இடையில் நான். குறிப்பேட்டின் அன்றைய பக்கத்தை அவர் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதைத் திருத்தி நல்ல தமிழில் பதிவேட்டில் எழுதுவேன். அதன் சாரத்தை மலையாளத்தில் பொறியாளருக்கு அனுப்புவேன். திருத்துவதற்கு ஒவ்வொரு நாளும் ஏதேனும் இருந்தது. நீர் என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் அவர் ‘வெள்ளம்’ என்று எழுதினார்.

“வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. குப்பியில் இருப்பது நீர்” என்று ஒருமுறை சொன்னேன்.

“நான் குடிக்கதும் வெள்ளம், குளிக்கதும் வெள்ளம். உங்க நீரு எங்க கெணத்துல ஊறல்ல சாரே” என்றார் அவர்.

கரைப் பராமரிப்புக்கு ஒன்பது விதிகளை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நான்காவது விதி: ‘செயலரின் எழுத்துவழி இசைவின்றி மதகினைத் திறத்தல் ஆகாது.’ யாரோ மீன்பிடிக்க ஒருமுறை மதகைத் திறந்துவிட்டுப் போனதால் வந்த விதி. அம்மையார் அதை இரண்டு தடவை வாசித்தார்.

“ஆகாதுன்னா என்ன சாரே? செய்யப்பிடாதுங்கதா, செய்ய முடியாதுங்கதா?”

“செய்யக்கூடாது என்பதுதான்.”

“அப்பம் அதையே எழுதுனா மை தீந்துருமா?”

சிரித்துக்கொண்டேன். விதியை மாற்றவில்லை.

நான் செயலரான ஆறாம் ஆண்டில், இங்கே துலா என்று சொல்லும் ஐப்பசி மாதத்தில், ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. அன்று ஆறாம் நாள். மழை சற்றே ஓய்ந்திருந்தது. காலை ஏழு மணிக்குப் படம் வந்தது. ஈரத்தில் மை பரவிய எழுத்து: ‘கலங்கல் வெள்ளம் வருகு. கொஞ்சம்.’

அதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. நிறைந்த குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் வாய்க்குக் கலிங்கு என்று பெயர். கலங்கல் என்பது அதன் மரூஉ, அகராதிகளிலேயே உண்டு. ஐந்தாறு ஆண்டுகளாகப் பதிவேட்டில் நான் கலிங்கு கலிங்கு என்று எழுதிவந்தது ஒருவாறு அந்த அம்மையாரையும் எட்டிவிட்டது என்று எண்ணினேன். மனைவியிடம் கைப்பேசியை நீட்டினேன்.

“பார், கலங்கல் என்று எழுதியிருக்கிறாள். எவ்வளவு பழைய சொல்!”

“அப்படின்னா அவளுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு எழுதிக் குடுங்க. காப்பி ஆறுது” என்றாள் மனைவி.

‘கலிங்கில் நீர் சிறிதளவு வழிகிறது’ என்று பதிவேட்டில் எழுதினேன். வெள்ளத்தை வழக்கம்போல் நீராக்கினேன். வருகு என்பதை வழிகிறது ஆக்கினேன். மிகைநீர் வழியத் தொடங்கியது என்று பொறியாளருக்கு மலையாளத்தில் அனுப்பினேன். ஐந்து நாள் மழைக்குப் பிறகு எவரும் எதிர்பார்க்கக்கூடிய செய்தி. அவரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படமொன்றை அனுப்பி ஏற்றுக்கொண்டார். பிறகு, பதிவேடு எப்போதும் கிடக்கும் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு சாலைக்கடைத் தெருவுக்கு நடந்தேன். அன்று வீட்டில் புளி தீர்ந்திருந்தது.

பழைய புளியா புதிய புளியா என்று நான் கடைக்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்த வேளையில் கைப்பேசி அழைத்தது. மணி பன்னிரண்டு இருக்கும்.

“சாரே, ஆளு வருமா வராதா?”

“எந்த ஆள்?”

“காலம்பற எழுதி விட்டம்லா, கலங்கல் வெள்ளம்னு. அப்பம் தொட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கேன்.”

“கலிங்கு வழிவதற்கு ஆள் எதற்கம்மா? மழைக்காலத்தில் அது வழியத்தானே செய்யும்?”

மறுமுனையில் தவளைகளின் ஒலிக்குமேல் அவர் குரல் உயர்ந்தது.

“எது வழியுது? மறுகாலா? மறுகாலு வழிய இன்னும் ரெண்டு சாண் கெடக்கு. நான் எழுதுனது குப்பியில உள்ள வெள்ளத்த. கலங்கிக் கெடக்கு சாரே. சாயா மாதிரி இருக்கு.”

கையிலிருந்த புளியைத் தட்டிலே வைத்தேன். மறுகால். நாஞ்சில் நாட்டில் குளத்தின் மிகைநீர் வாய்க்கு அதுதான் பெயர். என் தந்தையாரின் ஊரிலும் அதுதான் பெயர். அந்தப் பக்கத்தில் பிறந்த எவரும் அதைக் கலங்கல் என்று சொல்லமாட்டார்கள் என்பது, அகராதியைத் திறக்குமுன் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த அம்மையார் எழுதியது நீரின் கலக்கத்தை. பொறியாளர் சொல்லிக்கொடுத்த அதே சொல்லால், தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான பொருளில், பிழையே இல்லாமல் எழுதியிருந்தார். ஐந்து மணி நேரமாகக் கரை கரைந்துகொண்டிருந்தது.

கடை வாசலிலேயே நின்று பொறியாளரை அழைத்தேன். முப்பது வயதும் நிரம்பாத பெண். நான் என் தவற்றை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். இடைமறித்தார்.

“தெளிஞ்ஞதோ கலங்ஙியதோ? அது மாத்ரம் பறயூ சார்.”

“கலங்ஙியது.”

உடனே மூன்று கட்டளைகள் வந்தன. மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்கவேண்டும். கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும். நீர் வரும் இடத்தை எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது. அடைத்தால் அது வேறு வழி தேடிக் கரையையே பிளக்கும். தாம் புறப்பட்டுவிட்டதாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்தார். நான் அம்மையாரை அழைத்தேன்.

“மதகைத் திறந்துவிடுங்கள்.”

“எழுத்துல வேணும்லா சாரே? நாலாம் நம்பரு.”

“எழுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். திறங்கள்!”

“திறந்தாச்சு. பத்து மணிக்கே திறந்தாச்சு. பாதிதான் ஏறிச்சு, பாக்கி என் ஒருத்தி கைக்கு அடங்கல்ல. அதுக்குத்தான் ஆளு கேட்டது.”

கிழக்குக் கோட்டையிலிருந்து ஆட்டோவில் போய்ச் சேரும் வரை அந்தப் பத்து மணியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் அவர் மூன்று மணி நேரம் காத்திருந்திருக்கிறார். தம் வீட்டின் தலைக்குமேல் கரை கரைவதைக் குப்பியில் பார்த்துக்கொண்டே, என் இசைவுக்காக.

நான் போனபோது பொறியாளர் கரையடியில் முழங்கால் மண்டியிட்டிருந்தார். கசிவு வழக்கமாக வரும் வாய்க்காலுக்குச் சற்று மேலே, சரிவில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கண் திறந்திருந்தது. அதிலிருந்து செம்மண் நீர் குமிழியிட்டு வந்தது. பார்ப்பதற்கு அச்சந்தரும் காட்சியன்று. ஒரு குழந்தை விளையாட்டாகத் தோண்டிய ஊற்றுப் போல இருந்தது. ஆனால் அதைச் சுற்றிப் படிந்திருந்த மண் முழுவதும் கரையின் வயிற்றிலிருந்து வந்தது.

“இவிடெ மரம் உண்டாயிருந்நோ?” என்று கேட்டார் பொறியாளர்.

“ஒரு அயினி நின்னுது மேடம். வெட்டி நாலஞ்சு வருசம் ஆச்சு.”

பதிவேடு என் பையில் இருந்தது. பக்கத்தைத் தேடி எடுத்தேன். “கரைமேல் நின்ற அயினிமரம் அகற்றப்பட்டது என்று இருக்கிறதே” என்றேன்.

அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்தார். “வெட்டுனதுக்கு நான் சாட்சி. மூட்ட யாரு தோண்டுனா? நான் அண்ணைக்கே எழுதினம்லா, மரம் வெட்டியாச்சு, மூடு கெடக்குன்னு.”

எழுதியிருந்தார். எனக்கும் நினைவு வந்தது. ஒரு பதிவில் இரண்டு துண்டு வாக்கியங்கள் கிடப்பது அழகாக இல்லையென்று, இரண்டையும் சேர்த்து ‘அகற்றப்பட்டது’ என்ற ஒரு வினையில் முடித்திருந்தேன். அடிமரம் மண்ணுக்குள் கிடந்தது. பதிவேட்டிலிருந்து மட்டும் அகன்றுவிட்டது. அதன் வேர்கள் அழுகி, அழுகிய வேர்வழியே நீர் தனக்கொரு பாதை கண்டிருந்தது.

அருகில் ஒரு புது வீட்டின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. நண்பகலுக்குப் பின்னரே வேலைக்கு வந்து, மழைக்கு ஒதுங்கியிருந்த வேலையாட்கள் மூவரும் தென்காசிப் பக்கத்தார். அம்மையார் சரிவில் நின்று குரல் கொடுத்தார்: “ஏ மக்கா! பீடி பெறவு குடிக்கலாம். மணலும் சல்லியும் வேணும், ஓடி வாங்க!” அவர்களில் இருவர் மதகின் திருகை முழுவதுமாக ஏற்றினர். பிறகு மூவரும் மணலும் சல்லியும் சுமந்தனர். பருமணலை முதலில் அந்தக் கண்ணின்மேல் பரப்பினர், அதன்மேல் சிறு சல்லி, அதன்மேல் பெருஞ்சல்லி. நீர் வரட்டும், மண் வரவேண்டாம் என்பதே அதன் தந்திரம். இப்படி எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் முதல் இரண்டு முறை பரப்பிய மணலை நீர் தள்ளிக்கொண்டு போயிற்று. மூன்றாம் முறைதான் மணல் நின்றது.

என்னால் சுமக்க இயலவில்லை. வீடுகளுக்குச் சென்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. முதல் வீட்டில் ஒரு முதியவர் வாசலில் நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் உட்புற அரிப்பு ஏற்பட்டிருப்பதையும் அதனால் உண்டாகக்கூடிய விளைவுகளையும் இயன்றவரை தெளிந்த மலையாளத்தில் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எறங்ஙணோ வேண்டயோ? அது பற.”

“எறங்ஙணம்.”

அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்தார். மற்ற வீடுகளில் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். அரை மணி நேரத்தில் பத்து வீடுகள் காலியாயின. ஆடுகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் குன்றின்மேல் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏறின. பதினோராவது வீட்டுக்காரி மட்டும் கரையடியில் குப்பியோடு நின்றார்.

அரை மணிக்கு ஒருமுறை அவர் குப்பியை நிரப்பினார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். மூன்று மணிக்குச் சாயா. நாலரைக்கும் சாயாதான், ஆனால் பால் கூடிய சாயா என்றார் வேலையாட்களில் ஒருவர். மாலையில் கஞ்சித் தண்ணீர்போல ஆயிற்று. குளத்தின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தது. தாம் கரையிலேயே தங்குவதாகவும், விடிந்து நீர் தெளிந்தால்தான் எவரும் வீடு திரும்பலாம் என்றும் பொறியாளர் சொன்னார். வெளிச்சம் இருக்கும்போதே என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அம்மையார் சாலை வரை உடன் வந்தார்.

“ஒண்ணுக்கு நாலு சொல்லு வச்சிருக்கியளே சாரே. எங்கிட்ட ஒருதரம் விளிச்சுக் கேட்டா என்னவாம்?”

கேட்டுவிட்டுத் திரும்பிக் கரைக்கு நடந்தார்.

மறுநாள் விடியற்காலையிலேயே கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்குப் படம் வந்தது. ‘வெள்ளம் தெளிஞ்சிற்று. வீட்டுக்கு போட்டா?’

வீட்டுக்குப் போகட்டுமா என்று பதினோரு வீட்டாரும் கேட்கும் கேள்வி அது. பொறியாளர் விடியும்போதுதான் வேறொரு கரையைப் பார்க்கப் போயிருந்தார். என் செய்திக்காகக் காத்திருந்தார். தெளிந்துவிட்டது என்ற சொல்லில் எனக்கு ஐயமில்லை. என்மேல்தான் ஐயம். அழைத்தேன்.

“தெளிந்தது என்றால் எவ்வளவு?”

“தெளிஞ்சுதுன்னா தெளிஞ்சுதுதான். இதுல என்ன எவ்வளவு?”

“குப்பிக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். விரல் தெரிகிறதா?”

“தெரியுது.”

“எத்தனை விரல்?”

“நாலு.”

“ஐந்தாவது?”

“அது குப்பியைப் பிடிச்சிட்டு நிக்குது சாரே!” பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. “இன்னும் என்னமாம் கேக்கணுமா? இங்க ஆடு கத்துது.”

நாலு விரல் தெரிகிறது என்று பொறியாளருக்கு எழுதினேன். வீட்டுக்குப் போகலாம், மதகு திறந்தபடியே இருக்கட்டும் என்று மறுமொழி வந்தது. அதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.

கோடையில் குளம் வற்றியபின் கரையைத் தோண்டி அந்த அடிமரத்தை எடுத்தார்கள். அழுகிய வேர் இருந்த இடத்தில் என் கை முழங்கை வரை நுழைந்தது. புதுமண்ணைச் சாண் உயரத்துக்குப் பரப்பி, நீர் தெளித்து, இடித்து, மறுபடியும் பரப்பி இடித்துக் கரையை மூடப் பல நாள் ஆயிற்று. பதிவேட்டில் என் பழைய வாக்கியங்கள் இரண்டையும் நான் அடிக்கவில்லை. அவற்றின் கீழே அம்மையார் எழுதியதை எழுதியவாறே எழுதி, தவறு என்னுடையது என்று ஒப்பமிட்டேன். நான்காவது விதியை மாற்றினேன். இப்போது அது இப்படி இருக்கிறது: ‘குப்பி கலங்கினால் மதகைத் திற. பிறகு சொல்.’

எழுத்தில் எனக்குள்ள பிடிவாதம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ‘தெளிஞ்சிற்று’ என்பதைக் காணும்போது இன்றும் என் விரல் அசைகிறது. ஆனால் அந்தச் சொல்லும் இப்போது வருவதில்லை. அன்றிலிருந்து அம்மையார் தெளிவு, கலங்கல் என்றெல்லாம் எழுதுவதை விட்டுவிட்டார். குறிப்பேட்டில் நாள்தோறும் ஒரே வரி வருகிறது: ‘வெள்ளம் நாலு விரல்.’ நான் அதை அப்படியே படியெடுக்கிறேன்.